குடி நீங்கிய பின்னர்

குடியினால் விளையுங் கேடுகளை எடுத்தோதும் நூல்கள் தமிழிற் பலவுள. திருவள்ளுவனார் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தருளினார். கிறிஸ்தவ வேதத்தின் நீதிமொழிகள் ஆகமமும், குடியனது மயக்கத்தையும், மயக்கந் தெளிந்தவுடன் மீண்டும் அவன் மதுவையே நாடியோடும் அவலத்தையும், தன் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் ஓவியம்போற் காட்டுகின்றது. ஆயினும், நெடுநாட் குடித்த ஒருவன் அதனை உண்மையாகவே விட்டுவிட்டால், அடுத்து வரும் மாதங்களில் அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் நிகழ்வது யாது என்பதைக் கூறும் எழுத்துக்களைக் காண்டல் அரிது. அறவுரை குடியின் வாயிலோடு நின்றுவிடுகின்றது. வாயிலைக் கடந்து வெளியே வந்தவனுக்கு வழி சொல்வார் சிலரே.

இக்குறையாற் கேடு விளைகின்றது. நம்மவர் எண்ணுமாறு யாதெனின், கோயிலிற் கற்பூரம் ஏற்றிச் சத்தியஞ் செய்தலோ, மாலையணிந்து விரதம் பூணுதலோ, ஆலயத்திற் பீடத்தின்முன் முழந்தாளிட்டுப் பொருத்தனை பண்ணுதலோ நிகழ்ந்துவிட்டால், அத்துடன் காரியம் முடிந்தது என்பதே. வீட்டார் மகிழ்கின்றனர், உறவினர் வாழ்த்துகின்றனர். பத்து நாள் கழிந்தபின் அவன் சிறு சொல்லுக்குஞ் சினக்கின்றான். இரவெல்லாம் உறங்காது திண்ணைக்கும் அறைக்குமாக நடக்கின்றான். மாதம் ஒன்று சென்றபின் எதிலும் விருப்பின்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றான். அப்பொழுது வீட்டில் ஒருவர், 'இதைவிடக் குடித்த காலமே மேல்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகின்றார். சொன்னவர் கொடியவர் அல்லர். நிகழ்வது நோயின் இயல்பென்று அறியாதவர். மது நீங்கிய முதல் ஆறு மாதங்களின் இயல்பை முன்னரே அறிந்திருப்பின் அச்சொல் பிறந்திராது. அவ்வறிவை ஒருவாறு தொகுத்துரைப்பதே நாம் ஈண்டு மேற்கொண்ட பணி.

குடியை நோய் என்றமையால் ஒரு விளக்கம் வேண்டும். எல்லாக் குடியும் நோயன்று. அதியமான் தனக்குக் கிடைத்த கள்ளை ஔவையாரோடு பகிர்ந்துண்டதைப் புறநானூறு பெருமையாகவே பேசுகின்றது. கானாவூர்க் கலியாணத்தைக் கிறிஸ்தவர் எவரும் மறந்திலர். அளவைத் தன்னால் ஆள இயலாமலும், நிறுத்தினால் உடல் நடுங்கியும், கேட்டை அறிந்தும் விடமாட்டாமலும் இருக்கும் நிலையையே மருத்துவர் நோயென்பர். தாமஸ் டிராட்டர் என்னும் பிரித்தானியக் கப்பற்படை மருத்துவர் 1804 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கருத்தை வலியுறுத்தினார். அமெரிக்க மருத்துவக் கழகம் 1956 ஆம் ஆண்டில் இதனை நோயென ஏற்றது. பாவமா, நோயா என்று வழக்காடுவாருக்கு நாம் கூறத்தக்கது ஒன்றே: காசநோய் வந்தவன் தன் கவனக்குறைவாற் பெற்றானாயினும் அவனுக்கு மருந்து மறுப்பார் இலர்.

இந்நோயுடையார் தொகை சிறிதன்று. நம் நடுவணரசு தில்லி எய்ம்ஸ் மருத்துவ நிலையத்தைக் கொண்டு நடத்தி 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் மதுவருந்துவோர் ஏறக்குறைய 16 கோடியர்; அவருள் மதுவின் பொருட்டு உதவி வேண்டும் நிலையிலுள்ளோர் 5.7 கோடியர். மதுவுக்கு அடிமைப்பட்டாருள் 38 பேரில் ஒருவரே ஏதேனுமொரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர். எஞ்சிய 37 பேரும் தாமே முயன்றனர், அல்லது முயன்றிலர்.

நம் சென்னை நகரத்தார் மதுவைப் பற்றி நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அவ்வாதம் பெரும்பாலும் கடையைப் பற்றியதே. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த இராஜாஜி 1937 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 இல் அது மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971 இல் அதனைத் தளர்த்த அரசு துணிந்தபோது, தியாகராய நகரிற் பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த அம்முதியவர், தொண்ணூறைக் கடந்த பருவத்தினும், கோபாலபுரத்தில் முதலமைச்சர் இல்லத்துக்கு நேரிற் சென்று வேண்டிக்கொண்டார், வேண்டுகோள் பயன்படவில்லை. அதன்பின் கடைகள் மூடப்பட்டுந் திறக்கப்பட்டும் வந்தன. 2003 முதல் அரசின் வாணிகக் கழகமே சில்லறையாக மது விற்று வருகின்றது. கடை இருத்தல் தகுமா என்னும் வினாவை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. கடை மூடியிருந்த காலத்தும் திறந்திருந்த காலத்தும், குடியை விட்டவன் அடுத்த நாட்காலை எழுந்து செய்யவேண்டுவது ஒன்றாகவே இருந்தது என்பதை மட்டுங் கூறுவோம்.

அவ்வேலையை நம் நகரில் முறைப்படக் கற்பித்த நிலையம் ஒன்று அடையாற்றை அடுத்த இந்திரா நகரில் உள்ளது. குடிநோயாற் கணவரை இளமையிலேயே இழந்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், தம் கணவர் பெயரால் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறநிலையத்தை 1980 ஆம் ஆண்டில் நிறுவினார். அதன் மருத்துவமனையை மக்கள் டி. டி. கே. மருத்துவமனை என்றே வழங்குவர். கணவர் குடித்து இறந்தார் என்பதை மறைத்து, மஞ்சட்காமாலையென்றோ மாரடைப்பென்றோ ஊருக்குச் சொல்லும் குடும்பங்கள் நிறைந்த காலத்தில், அவ்வம்மையார் அதனை வெளிப்படச் சொல்லியதே பெருந்துணிவு என்பது எம் கருத்து. அமெரிக்க நாடு சென்று பயிற்சியும் பெற்றுத் திரும்பினார். அரசு அவருக்கு 1992 இல் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. நோயாளரை மட்டும் நடத்தாது, மனைவியையும் பெற்றோரையும் தனியே இருத்திப் பாடஞ் சொல்லும் முறை அந்நிலையத்தின் சிறப்பு. கிராமத்தார்க்கெனத் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம்களும் நடத்தியுள்ளனர்.

நிற்க. மது நின்றவுடன் உடலில் நிகழ்வதை இனிக் காண்போம்.

மது மூளையின் கிளர்ச்சியை அடக்கும் பொருள். நாடோறும் அது வந்துகொண்டிருப்பதால், மூளை அதற்கு ஈடாகத் தன் கிளர்ச்சியை மிகுத்து வைத்துக்கொள்ளுகின்றது. ஏற்றத்தில் மாடு இழுத்துக்கொண்டிருக்கையிற் கயிறு திடீரென அறுந்தால் மாடு முன்னே பாய்ந்து விழுமன்றோ? அதுபோல மது திடீரென நின்றால் மூளையின் கிளர்ச்சி அடக்குவாரின்றிப் பாய்கின்றது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துள் கைந்நடுக்கம், வியர்வை, குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை ஆகியன தோன்றும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 முதல் 4 நாள்களுக்குள் வேறு சிலருக்கு நினைவு தடுமாறும். இல்லாத பூச்சிகள் சுவரிலே ஊர்வதாகக் காண்பர். காய்ச்சலும் வெறியுங் கூடும். இதனை ஊரார் பேய் பிடித்ததென்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்லுதலும் உண்டு. சிகிச்சையில்லையேல் இந்நிலை உயிரையே வாங்கிவிடும்.

ஆகலான், நாடோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவன், 'நாளை முதல் தொடமாட்டேன்' என்று வீட்டறையிற் கதவடைத்துக் கிடத்தல் வீரமாகத் தோன்றினும் ஆபத்தானது. முன்பு ஒருமுறை வலிப்புக் கண்டவன் அவ்வாறு செய்தலே கூடாது. மருத்துவரிடஞ் சென்றால், மூளையின் கிளர்ச்சியை அமர்த்தும் பென்சோடயசெப்பின் வகை மருந்தைக் கொடுத்து, நாடோறும் அளவைக் குறைத்து, ஒரு வாரம் அல்லது பத்து நாளில் நிறுத்திவிடுவர். உடன் தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்தையும் ஊசிவழி செலுத்துவர். குடிப்பவர் சோற்றைக் குறைப்பர். குடலும் இச்சத்தை நன்கு ஏற்பதில்லை. இது மிகக் குறைந்தால் நடை தள்ளாடி, கண் பார்வை நிலைகுலைந்து, பின்னர் நினைவாற்றலே நிலையாகக் கெட்டுவிடும். வெர்னிக் என்னும் செருமானிய அறிஞர் 1881 ஆம் ஆண்டிலேயே இந்நோயை விரித்துரைத்தார். விலை மலிந்த ஓர் ஊசியால் தடுக்கத்தக்க இக்கேடு இன்றும் நிகழ்தல் வருந்தத்தக்கது.

இவ்விடத்திலே மற்றொரு வழக்கத்தையுங் கண்டித்தல் கடமையாகின்றது. பேருந்து நிலையச் சுவர்களிலும் கைத்தாள்களிலும், 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யும் மருந்து' என்று விளம்பரம் வருவதை நேயர் கண்டிருப்பர். டென்மார்க்கு நாட்டு அறிஞர் இருவர் 1948 இல் டைசல்பிரம் என்னும் மருந்தின் இயல்பை வெளியிட்டனர். அதனை உட்கொண்டவன் மது அருந்தினால் முகஞ் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து துன்புறுவான். சிலவேளை இறத்தலுங் கூடும். அறிந்து உண்பவனுக்கு அது அரண். 'இன்று நான் குடிக்க இயலாது' என்னும் நினைவே அவனைக் காக்கும். அறியாமற் குழம்பிற் கலந்து ஊட்டப்பட்டவனுக்கோ அது நஞ்சு. பெயரறியாத பொடிகளிற் கலந்திருப்பவை எவையென்று யார் சொல்லவல்லார்? கணவனைக் காக்க எண்ணிய மனைவியே, அறியாமையால் அவனை ஆபத்திலாழ்த்துதல் இவ்வாறு நேர்கின்றது. அன்றியும், உண்மை வெளிப்பட்ட நாளில் அவ்வீட்டில் எஞ்சியிருந்த நம்பிக்கையும் அழிந்துபோம்.

முதல் வாரத்தின் துன்பம் பெரிதாயினும் விரைவிற் கழிவது. அடுத்து வரும் வாரங்களின் துன்பம் சிறிது, ஆனால் நெடியது. வீட்டார் ஏமாறுவதும் இங்கேதான். கொழுப்பேறிய கல்லீரல் மதுவை விட்ட சில வாரங்களிற் பெரிதும் தேறிவிடுகின்றது, இரத்த அழுத்தம் தணிகின்றது, முகத்தின் உப்பல் வற்றுகின்றது, பசி மீளுகின்றது. கண்ணாடியிற் காணும் உருவம் நலம் பெற்றதாகவே தோன்றும். உள்ளே மூளையோ மாதக்கணக்கிலேயே சீர்ப்படும். உறக்கம் கடைசியாகத் திரும்பும். படுத்தவன் நள்ளிரவில் விழித்துக்கொள்வான். விழித்தவனுக்கு விடியுமளவும் பொழுது போகாது. உறங்கினாலோ கனவுகள் மிகும். தான் குடிப்பதாகவே கனாக்கண்டு, வாயில் மதுவின் நாற்றம் இருப்பதுபோல் உணர்ந்து, அஞ்சி எழுந்து உட்காருவான். இக்கனவு மிகப் பலருக்கு வருவது. அவன் உறுதி குலைந்ததற்கு அடையாளமன்று. உறக்கம் வரவில்லையென்று கடையில் தூக்க மாத்திரை வாங்கி விழுங்கத் தொடங்கினால், ஓர் அடிமைத்தனத்தைவிட்டு மற்றொன்றிற் புகுந்தவனாவான்.

இனிப்பின்மேல் அவாவும் எழும். காலையிற் காரத்தோசையை விரும்பியவன் மாலையில் மைசூர்ப்பாகு கேட்கின்றான். மயிலாப்பூர் மாடவீதிகளில் வாழ்வாருக்கு இவ்வவாவைத் தீர்த்துக்கொள்ளுதல் அரிதன்று! 1935 இல் அமெரிக்காவில் குடிநோயாளர் இருவர் கூடி ஒருவரையொருவர் தாங்கத் தொடங்கியபோது, பில் வில்சன் என்பார் தம் தோழராகிய மருத்துவர் பாப் என்பாருக்குத் தக்காளியுஞ் சர்க்கரைப்பாகுங் கொடுத்தார் என்பர். முதன் மாதங்களில் இனிப்பை வீட்டார் கடிந்து தடுக்க வேண்டுவதில்லை; நீரிழிவுடையார் மட்டும் மருத்துவரைக் கேட்டு நடத்தல் வேண்டும்.

மனத்தின் போக்கு இவற்றினும் விந்தையானது. சிலருக்கு இரண்டாம் மூன்றாம் வாரங்களில் அளவிறந்த உவகை பிறக்கும். உலகமே புதிதாயிற்று என்பர். பிற குடியரையெல்லாந் திருத்தப் புறப்படுவர். மருத்துவமனைக்கு இனிப் போகவேண்டுவதில்லையென்றும் அறிவிப்பர். அவ்வுவகை பொய்யன்று, ஆனால் நிலையாதது. அது வடிந்தபின் வருவது ஒரு வறட்சி. இசை இனிப்பதில்லை, உணவு சுவைப்பதில்லை, குழந்தையின் மழலையும் இரைச்சலாகத் தோன்றுகின்றது. இதன் காரணமும் மூளையினிடத்தே உள்ளது. நெடுங்காலம் மதுவினால் வலிந்து எழுப்பப்பட்ட இன்பவுணர்வு, இயல்பான சிறு இன்பங்களுக்கு எழுந்திராது சோர்ந்து கிடக்கின்றது. அது விழித்தெழ நாள் வேண்டும்.

இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு நீங்கியது ஓரிரவில்; வனாந்தரத்தில் நடந்தது நாற்பதாண்டு. அடிமைத்தனத்தின் சவுக்கடியை மறந்து, அங்கே உண்ட மீனையும் வெங்காயத்தையும் எண்ணி அழுதனர் என்று எண்ணாகமம் கூறுகின்றது. குடியை விட்டவனுக்கும் இரண்டாம் மாதத்தில் நினைவுக்கு வருவன வாந்தியும் வசையும் வழக்கும் அல்ல. நண்பர் நடுவிலிருந்த மாலைப்பொழுதின் நகைப்பே. மேலே கூறிய மருத்துவர் பாப் என்பார், குடியை விட்டபின்னும் இரண்டரை ஆண்டுகள் தம்மை அவ்வேட்கை விடாது வருத்திற்றென்று தாமே எழுதியுள்ளார். ஆயினும் அவர் 1950 இல் இறக்குமளவும் மீண்டுங் குடித்திலர். வேட்கை எழுதல் ஒன்று, குடித்தல் மற்றொன்று என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சோர்வு இரண்டு மூன்று வாரங்களில் தணியாது மிகுமாயின், அல்லது உயிர் வாழ்தலே வேண்டாவென்னும் எண்ணம் எழுமாயின், அதனை வறட்சியென்று பொறுத்திருத்தல் கூடாது. உடனே மனநல மருத்துவரைக் காணல் வேண்டும். அதற்குத் தனி மருந்துகள் உள. குடி வேட்கையைத் தணிக்கவும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் முதலிய மருந்துகள் இக்காலத்தில் உள. ஜெபத்தினால் மட்டுமே குணமாக வேண்டும், மருந்துண்டல் விசுவாசக் குறைவு என்று கூறுவார் நம் சபைகளிற் சிலருளர். நற்செய்தி எழுதிய லூக்கா மருத்துவராயிருந்தமை அவர்கள் நினைவுக்கு உரியது.

வேட்கை எழும் பொழுதுக்கும் ஓர் ஒழுங்குண்டு. பசி, சினம், தனிமை, களைப்பு என்னும் நான்கனுள் ஒன்றேனும் இல்லாமல் அது எழுதல் அரிது. நம் நகரில் மாலை ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு வருபவனிடம் இந்நான்கும் ஒருங்கே கூடியிருக்கின்றன. மதிய உணவுக்குப்பின் ஒன்றும் உண்டிலன், மேலதிகாரியிடம் வசைபெற்றான், பேருந்திற் கூட்டத்தினிடையே தனியனாக நின்றான், அண்ணா சாலையின் நெரிசலில் உடல் சோர்ந்தான். மதுக்கடையோ நண்பகல் 12 மணிமுதல் இரவு 10 மணிவரை திறந்திருக்கின்றது. ஆதலின் மாலை ஆறுமுதல் ஒன்பதுவரையுள்ள மூன்று மணிநேரத்தைக் கடத்துதலே முதன் மாதங்களின் முழுவேலை எனினும் மிகையாகாது. அலுவலகத்திலிருந்து புறப்படுமுன் வயிறார ஏதேனும் உண்ணுதல், பழைய கடை இல்லாத தெருவழியே சுற்றிக்கொண்டாயினும் வருதல், வந்தவுடன் குளித்தல் என்பன மிகச் சிறியனவாய்த் தோன்றும். பசித்த வயிற்றோடு தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நின்று உறுதிமொழியை நினைவுகூர்வதினும் அவை பயனுடையன. மயிலாப்பூரார்க்கு நாகேசுவரராவ் பூங்காவும், தியாகராய நகரார்க்குப் பனகல் பூங்காவும் மாலையில் நடக்க இடந்தருகின்றன. அடையாற்றார்க்குப் பெசன்ட் நகர்க் கடற்கரையுண்டு; ஆனால் பழைய நண்பரோடு அங்கே குடித்துப் பழகியவன் அவ்விடத்தைச் சில மாதங்கள் ஒழித்தலே நலம்.

வேட்கை எழுந்தால் அது வளர்ந்துகொண்டே போகும் என்று பலர் அஞ்சுகின்றனர். அலைபோல எழுந்து, பெரும்பாலும் அரைமணிக்குள் அது தாழ்ந்துவிடுகின்றது. அந்த அரைமணியில் ஒருவரோடு பேசிக்கொண்டிருத்தலும், நீர்மோர் பருகுதலும், இடம்விட்டுப் பெயர்தலும் போதியன. வாழ்நாள் முழுதுங் குடியேன் என்று எண்ணுவோனுக்கு அந்நாட்கள் மலையாகத் தெரிகின்றன. இன்றிரவு படுக்குமளவுங் குடியேன் என்பவனுக்கு அளவு சுருங்குகின்றது.

இனி வீட்டைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். குடித்த காலத்தில் மனைவியே தலைவனும் தலைவியுமாக இருந்து வாடகை கொடுத்து, பள்ளிக்கட்டணங் கட்டி, அடகு வைத்து, மீட்டு, அலுவலகத்துக்குப் பொய் சொல்லி, குடும்பத்தை ஓட்டினாள். இப்பொழுது தெளிந்தவன் ஒரு திங்களிலேயே தன் இருக்கையைக் கேட்கின்றான். அவளோ கொடுக்க அஞ்சுகின்றாள். அவன் கோபம் ஒருவாறு இயல்பே. அவளச்சமோ முற்றும் இயல்பு. நூறுமுறை கேட்ட சத்தியத்தை நூற்றோராவது முறை ஒருத்தி நம்பவில்லையெனின் அவள்மேற் குற்றமென்ன? வீட்டுக்குள் நுழைந்தவுடன் மூச்சை மோந்து பார்த்தலும், சட்டைப்பையைத் துழாவுதலும், ஒருமணி தாழ்த்தால் மூன்றுமுறை தொலைபேசியில் அழைத்தலும் அவளுக்குப் பழக்கமாகிவிட்டன. அவன் விட்ட பழக்கத்தைப் போலவே அவள் பழக்கமும் மெல்லத்தான் நீங்கும். ஐயம் தாங்காதவன், 'குடித்தாலும் ஏச்சு, குடியாவிட்டாலும் ஏச்சு' என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போவதற்கு அதனையே காரணமாக்குதலும் உண்டு. அக்காரணத்தை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். ஆனால் கேட்டாற் சொல்வது, தாழ்த்தால் முன்னரே தெரிவிப்பது, சம்பளத்தை நாளன்றே கையிற் கொடுப்பது என்னும் மூன்றையும் அவன் கேளாமலே செய்துவந்தால், துழாவுங் கை தானே ஓய்கின்றது.

பணத்தைப் பற்றி ஒன்று. முதன் மூன்று மாதங்கள் வங்கி அட்டையை மனைவியிடமோ தாயிடமோ ஒப்படைத்து, வழிச்செலவுக்கும் தேநீருக்கும் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுதல் பலருக்கு உதவியுள்ளது. கைபேசிவழிப் பணஞ் செலுத்தும் இக்காலத்தில் அவ்வாயிலையும் அடைக்க நினைவுகொள்ளல் வேண்டும். பழைய கடன்காரர் இம்மாதங்களிலேயே வருவர். அவன் தெளிந்துவிட்டான் என்று கேள்வியுற்றதே அவர் வருகைக்குக் காரணம். எல்லாக் கடனையும் ஒரே மாதத்தில் தீர்க்க முயன்று, இரவும் பகலும் உழைத்து, களைத்து வீழ்ந்தாரும் உளர். தவணை சொல்லிக் கேட்டால் இசையாதார் குறைவு.

பிள்ளைகள் கடைசியாகவே அணுகுவர். தந்தை செருப்பைக் கழற்றும் ஓசையைக் கொண்டே அன்றிரவு எப்படியிருக்கும் என்று அளந்து பழகியவர்கள் அவர்கள். ஒருநாள் மிட்டாய் வாங்கி வந்ததாற் பக்கத்தில் வந்து அமர்ந்துவிடார். அவர்களை வலிந்து அழைத்து அன்பு காட்டச் சொல்லுதல் பயனற்றது. நாடோறும் ஒரே நேரத்தில் வீடு வருதலே அவர்கள் அறியும் மொழி.

மதுவருந்தும் பெண்களுக்கு இக்காலம் இன்னுங் கடினமானது. ஆடவன் விட்டால் ஊர் பாராட்டும். பெண் விட்டாள் என்பதற்கே முன் அவள் குடித்தாள் என்பதை ஊர் பிடித்துக்கொள்ளும். அதனால் அவர் மருத்துவமனை வாயிலை மிதிக்கவே தயங்குகின்றனர்.

விழாக்களுஞ் சாவுகளும் தனி இடர்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறைகளிலும், ஆங்கிலப் புத்தாண்டிரவிலும், கலியாணத்துக்கு முன்னிரவிலும் குடிப்பதற்கு அழைப்போர் பலர். சவ ஊர்வலத்தில் துக்கத்தின்பெயராற் குடித்தலும் நம் நகரில் வழக்கமாயிற்று. முதலாண்டில் இவற்றுக்கெல்லாம் போகவேண்டுவதில்லை. போயினும் முகூர்த்தங் கண்டு, உண்டு, உடனே திரும்பலாம். நம் கிறிஸ்தவ வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் பண்டிகையில் வீட்டிலேயே ஊறவைக்கும் திராட்சரசமும், ரம் கலந்த கேக்கும் உள. விருந்தோம்புவார் அன்பினாலேயே நீட்டுகின்றனர். அவ்வீட்டில் ஒருவர் குடியை விட்டிருப்பாராயின் அவ்வாண்டு அவற்றைச் செய்யாதிருத்தல் பெரிய இழப்பாகாது. திருவிருந்துக் கிண்ணத்தைப் பற்றியும் சிலர் கவலையுறுகின்றனர். அமெரிக்க மெதடிஸ்து சபையினராகிய தாமஸ் வெல்ச் என்பார் 1869 இலேயே புளியாத திராட்சச் சாற்றைத் திருவிருந்துக்கென ஆக்கினார். ஆயரிடம் முன்னரே தனியே சொல்லிவைத்தால் வழி செய்யாதவர் யார்?

தனியே இவ்வளவும் செய்தல் அரிது. பில் வில்சனும் மருத்துவர் பாபும் 1935 இல் தொடங்கிய ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமை, 1957 இல் தில்லியில் வேரூன்றி, பின்னர்ச் சென்னைக்கும் வந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை; பதிவேடு இல்லை; குலமும் மதமும் வினவுவார் இல்லை. ஒருவர் எழுந்து தம் பெயரைச் சொல்லி, தாம் குடிநோயாளர் என்று கூறி, நிகழ்ந்ததைச் சொல்லி அமர்வார், அடுத்தவர் எழுவார். அறிவுரை கூறுவாரும் குறுக்கிடுவாரும் இலர். உயர்நீதிமன்ற வழக்கறிஞரும் கொத்தனாரும் அடுத்தடுத்த நாற்காலியில் அமரும் இடம் இதைப்போல நகரில் வேறெங்குளது? இம்முறையில் தெய்வத்தைப் பற்றிய பேச்சு மிகுதியென்று விலகுவோரும் உளர். அவர்க்கு மருத்துவமனைக் குழுக்கள் உள. 2020 இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடியாதிருத்தலைப் பொறுத்தவரை, இத்தோழமையும் இதன்பாற் சேர்க்கும் சிகிச்சைமுறையும் பிற முறைகளுக்குக் குறைந்தனவல்ல, சிலவற்றினும் மேலானவை என்று கண்டது. குடும்பத்தார்க்கென அல்-அனான் என்னும் தோழமையை வில்சனின் மனைவியார் லூயிஸ் அம்மையார் முதலானோர் 1951 இல் அமைத்தனர்.

இத்தனைக்குப் பின்னும் பலர் ஒருமுறையேனும் வழுவுகின்றனர். அதுவும் முதன் மூன்று மாதங்களிலேயே மிகுதி. கிண்ணத்தைத் தொடுமுன்னரே வழுவுதல் தொடங்கிவிடுகின்றது. கூட்டத்துக்குப் போதல் நிற்கும். மருந்து தீர்ந்தும் வாங்கப்படாது. பழைய நண்பன் ஒருவனைக் காணவேண்டிய வேலை திடீரென முளைக்கும். 'பீர் மதுவன்று' என்பது போன்ற தருக்கங்கள் பிறக்கும். இவற்றைக் கண்டவர் சண்டையிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். குடித்தே விட்டானாயின், எல்லாம் போயிற்றென்று முழுப்புட்டியையும் முடித்தலே பெருங்கேடு. அன்றே ஒருவரிடம் சொல்லுதல் வேண்டும். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால், மறுபடியுந் தானே நிறுத்த முயலுதல் கூடாது. ஒவ்வொரு முறை நிறுத்தும்பொழுதும் நடுக்கமும் வலிப்பும் முன்னையினும் கடுமையாக வருதல் இந்நோயின் இயல்பு. போதை நீக்கத்துக்கென நடுவணரசு அமைத்துள்ள 14446 என்னுங் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுக்கு நோயாளரும் வீட்டாரும் அழைக்கலாம். அழைப்பவர் தெளிந்திருக்கும் காலை நேரமே பேசுதற்கு ஏற்றது; மயக்கத்திலிருப்பவனோடு நள்ளிரவில் வழக்காடி ஒப்புதல் பெற்றவர் இலர். மருத்துவமனைக்குப் போகும்பொழுது, கடைசியாகக் குடித்த நேரம், நாடோறுங் குடித்த அளவு, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பது, உண்டுவரும் மருந்துகளின் பெயர் ஆகிய இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவர் முதலிற் கேட்கும் வினாக்களுக்கு விடை ஆயத்தமாயிருக்கும்.